போதைக்கு அடிமையானவருக்குச் சிறையா, சிகிச்சையா?

(பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் சங்கத்தார் என்னை அழைக்க வந்தபோது வேறு ஒரு வேண்டுகோளை வைத்தார்கள். "ஐயா, போதைப்பொருளைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க. கெட்டது, தொடாதேன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. அது எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டுப் பிள்ளையைப் பிடிச்சுட்டுப் போயிட்டா அப்புறம் என்ன நடக்கும், நாம என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க" என்றார்கள்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் பல குடும்பங்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நீதிமன்ற வாசலில் கையில் ஐ.சி. நகலையும், பிளாஸ்டிக் பையில் பிள்ளைக்கு மாற்றுச் சட்டையையும் வைத்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இன்று அந்தப் பதிலைச் சொல்ல முயல்கிறேன்.

நம் கேரித் தீவிலிருந்து பாலத்தைக் கடந்தால் தெலுக் பங்ளிமா காராங். அங்கிருந்து ஒரு பக்கம் பந்திங், ஒரு பக்கம் கிள்ளான். ஒரு காலத்தில் பிள்ளைகள் வளர்ந்தால் தோட்டத்திலேயே பால்மரக்காட்டிலோ செம்பனைக்காட்டிலோ வேலை செய்தார்கள். இன்று தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் பாலம் தாண்டிப் போகிறார்கள். சம்பளமும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வருகிறது. கெட்டதும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வருகிறது. பாலத்தை மூடிவிட முடியாது. பிள்ளைகளைத் தீவுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் முடியாது. ஆகவே விவரம் தெரிந்து வைத்திருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

முதலில், இது என்ன நோய்?

நம் ஆட்கள் பொதுவாக இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒருவர், "அவன் திமிர் பிடிச்சவன், நாலு அடி போட்டா சரியாயிடும்" என்பார். இன்னொருவர், "யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்பார். இரண்டும் சரியில்லை.

போதைப்பொருள் மூளையில் வேலை செய்கிறது. பசித்தபோது சாப்பிட்டால் ஒரு நிறைவு வருகிறதல்லவா? அந்த நிறைவைத் தருகிற பகுதியை அது பிடித்துக்கொள்கிறது. தொடர்ந்து பழகியபின், அந்தப் பொருள் இல்லாமல் எதிலுமே நிறைவு இல்லை என்ற நிலை வந்துவிடுகிறது. சாப்பாடு, தூக்கம், மனைவி, பிள்ளை எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. ஹெராயின் பழகியவன் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், தூக்கம் இருக்காது. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் இந்த வேதனை தணிந்துவிடும். ஆனால் ஆசை தணிவதற்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் ஆகிறது. சியாபு பழகியவனுக்கு உடம்பு வேதனை குறைவு; மனச்சோர்வும் சந்தேகமும் கோபமும் அதிகம்.

ஆகவே இதை இனிப்புநீர் வியாதியைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். இனிப்புநீர் உள்ளவர் மருந்து சாப்பிட்டு நன்றாக இருப்பார். தீபாவளிக்குப் பலகாரம் சாப்பிட்டால் மறுபடியும் ஏறிவிடும். அதற்காக மருந்தே வேண்டாம் என்று நாம் விட்டுவிடுகிறோமா? போதையிலிருந்து மீளுபவனும் ஒருமுறை வழுக்கி விழலாம். விழுந்ததும் எழுப்பி நிறுத்த ஆள் வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பல வருஷமாகச் சம்சுவும் மதுவும் மிதமிஞ்சிக் குடித்தவரைத் திடீரென்று அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். குடியை ஒரேயடியாக நிறுத்தும்போது சிலருக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம். அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய், மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

சட்டம் யாரை எப்படிப் பார்க்கிறது?

நம் நாட்டுச் சட்டம் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. மூன்று தட்டுகள் இருக்கின்றன.

முதல் தட்டு, கடத்துபவன். 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவு அவனுக்கு உரியது. ஹெராயின் 15 கிராம், கஞ்சா 200 கிராம், சியாபு வகை 50 கிராம், இந்த அளவை எட்டினாலே அவன் கடத்துபவன் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 'இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய பாரம் பிடிபட்டவன் தலையில் விழுகிறது. 15 கிராம் என்பது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். கட்டாய மரண தண்டனை 2023-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆனால் மரண தண்டனையே நீங்கிவிட்டது என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அதை விதிப்பதா, பிரம்படியுடன் நீண்டகாலச் சிறையா என்று நீதிபதி தீர்மானிக்கலாம் என்பதுதான் மாற்றம்.

இரண்டாவது தட்டு, பயன்படுத்தியதற்காகக் குற்றம் சாட்டப்படுபவன். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி 5,000 வெள்ளிவரை அபராதம் அல்லது 2 ஆண்டுவரை சிறை. அபராதம் கட்டியதோடு கதை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. 38பி பிரிவின்படி, தண்டனைக்குப் பிறகு 2 முதல் 3 ஆண்டுவரை மறுவாழ்வு அதிகாரியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் பிடிபடுகிறவனுக்கு 39சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் சிறை 5 முதல் 7 ஆண்டுவரை, பிரம்படியும் உண்டு.

மூன்றாவது தட்டு, போதைக்கு அடிமையானவர் என்று மருத்துவர் சான்று கொடுத்தவர். இவருக்காகத்தான் 1983-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர், போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். இன்றுவரை அந்த நாளைத்தான் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

அந்த 1983 சட்டம் வகுத்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். சந்தேகப்படும் ஒருவரை அதிகாரி பிடித்து 24 மணி நேரம்வரை வைத்து, சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாம். பரிசோதனை முடியவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய் 14 நாள்வரை நீட்டிக்கலாம், அல்லது ஜாமீனில் விடலாம். மருத்துவர் 'இவர் அடிமையானவர்தான்' என்று சான்று கொடுத்தால், மறுவாழ்வு அதிகாரி ஒரு பரிந்துரை எழுதுவார். பிறகு மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். அங்கே அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது.

மாஜிஸ்திரேட் முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. ஒன்று, 2 ஆண்டு மறுவாழ்வு மையம், அதன்பின் 2 ஆண்டு வெளியே கண்காணிப்பு. மற்றொன்று, மையத்துக்கு அனுப்பாமல் வீட்டிலிருந்தபடியே 2 முதல் 3 ஆண்டு கண்காணிப்பு. வீட்டிலிருந்து கண்காணிப்பு என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை. குறித்த இடத்தில் தங்க வேண்டும். எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் வெளியூர் போகக்கூடாது. குறித்த நாளில் போலீஸ் நிலையத்தில் போய் நிற்க வேண்டும். கூப்பிட்டபோது சிறுநீர் கொடுக்க வேண்டும். மறுவாழ்வுத் திட்டத்தில் பங்குபெற வேண்டும். இவற்றை மீறினால் 3 ஆண்டுவரை சிறை, பிரம்படி.

பெற்றோர்களே, இதைக் கவனியுங்கள். பிடிபடுவதற்கு முன் தானாகவே போய்ச் சிகிச்சை கேட்க 1983 சட்டத்தின் 8-ஆம் பிரிவு வழி வைத்தது. வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்கவும் வழி வைத்தது. "போனா பிடிச்சு உள்ளே போட்டுருவாங்க" என்று பயந்து மறைத்தவர்கள்தான், கடைசியில் பிள்ளை உண்மையாகவே உள்ளே போவதைப் பார்த்தார்கள்.

இந்தச் சட்டத்துக்கு 2024 ஜூலையில் மக்களவை ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. அதனால் உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு காரியம் வந்தால், பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே. அலுவலகத்திலோ வழக்கறிஞரிடமோ இன்றைய நிலையைக் கேளுங்கள். பிடிபட்டவருக்கு உறவினரிடமும் வழக்கறிஞரிடமும் தொடர்புகொள்ள உரிமை இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். குற்ற வழக்குகளுக்கு இலவச உதவி தர 2011-இல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் அமைக்கப்பட்டது. "யாயாசான் பந்துவான் குவாமான் எங்கே?" என்று கோர்ட்டில் கேளுங்கள், வழி காட்டுவார்கள்.

வெளிநாட்டில் ஒரு புது மாதிரி நீதிமன்றம்

இப்போது கொஞ்சம் வெளியுலகத்தைப் பார்ப்போம்.

1980-களில் அமெரிக்காவின் மியாமி நகரச் சிறைகள் கொக்கேய்ன் வழக்குக் கைதிகளால் நிரம்பி வழிந்தன. பிடிக்கிறார்கள், சிறையில் போடுகிறார்கள், வெளியே விடுகிறார்கள், அதே ஆள் மறுபடியும் வருகிறான். சுழல் கதவு மாதிரி ஆகிவிட்டது. சலித்துப்போன நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் உட்கார்ந்து யோசித்தார்கள். 1989-ஆம் ஆண்டில் போதைச் சிகிச்சைக்கென்றே ஒரு நீதிமன்றத்தைத் தொடங்கினார்கள். ஸ்டான்லி கோல்ட்ஸ்டைன் என்பவர் அதில் நீதிபதியாக அமர்ந்தார். அப்போது அங்கே தலைமை அரசு வழக்கறிஞராக இருந்த ஜேனட் ரீனோ, பின்னாளில் அந்த நாட்டுக்கே அட்டர்னி ஜெனரல் ஆனவர்.

அங்கே என்ன நடக்கிறது? நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், சிகிச்சை தருபவர், கண்காணிப்பு அதிகாரி எல்லோரும் ஒரு குழுவாக வேலை செய்கிறார்கள். வழக்கமாக ஒருவரை ஒருவர் மடக்கும் வழக்கறிஞர்கள் இங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து, "இந்த வாரம் இவன் எப்படி இருந்தான்?" என்று பேசுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் சிகிச்சைக்குச் சம்மதித்தால் சிறைத் தண்டனை ஒத்திவைக்கப்படும். அவன் ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை நீதிபதி முன் வந்து நிற்க வேண்டும். தேறத் தேற இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாதபடி திடீர் திடீரென்று சிறுநீர்ப் பரிசோதனை. இப்படி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நடக்கும்.

நல்லபடியாக நடந்தால் நீதிபதியே பாராட்டுவார். கோர்ட்டில் உள்ளவர்கள் கை தட்டுவார்கள். தவறினால் அன்றோ மறுவாரமோ ஒரு சிறு தண்டனை உண்டு: எச்சரிக்கை, சமூக வேலை, அதற்கும் அடங்காவிட்டால் சில நாள் சிறை. தண்டனை சிறியது, ஆனால் உடனே வரும், நிச்சயமாக வரும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆறு மாதம் கழித்து அடிக்கிற பெரிய அடியைவிட, அன்றைக்கே சொல்கிற ஒரு வார்த்தை அதிகம் வேலை செய்யும். எல்லாப் படிகளையும் தாண்டியவனுக்குப் பட்டமளிப்பு விழா மாதிரியே ஒரு விழா நடத்துகிறார்கள். வழக்கு தள்ளுபடி ஆகும், அல்லது தண்டனை குறையும்.

இந்த முறை கனடாவின் டொரோண்டோவுக்கு 1998-இலும், ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகிலுள்ள பாரமட்டாவுக்கு 1999-இலும் சென்றது. அமெரிக்காவில் மட்டும் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன.

பலன் என்ன? பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டவர்கள் 2012-இல் சொன்னது இது: சாதாரண வழியில் போனவர்களில் 100-க்கு 50 பேர் மறுபடியும் குற்றத்துக்குத் திரும்பினால், இந்த நீதிமன்றத்தின் வழியாகப் போனவர்களில் 38 பேர் திரும்புகிறார்கள். 12 பேர் வித்தியாசம். சிலர் "இவ்வளவுதானா?" என்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. மருத்துவர் முடிவு செய்ய வேண்டியதை நீதிபதி முடிவு செய்கிறார் என்று ஒரு குறை. தேறிவிடக்கூடிய ஆட்களாகப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள் என்று இன்னொரு குறை. பாதியில் தோற்றவன் கடைசியில் சிறைக்குத்தானே போகிறான் என்ற கேள்வியும் இருக்கிறது. எல்லாம் நியாயமான கேள்விகள். இந்தியாவும் வேறு ஒரு வழியில் இதை அணுகியது. அங்கே 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, அடிமையானவரைச் சிறைக்கு அனுப்பாமல் அவர் சம்மதத்துடன் சிகிச்சைக்கு விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

நம் நாடு நடந்த வழி

நம் நாட்டில் என்ன மாற்றம் நடந்தது? பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்தில் 'பூசாட் செரெந்தி' என்றாலே ராணுவ முகாம் மாதிரி. வேலி, அணிவகுப்பு, கடுமையான உடற்பயிற்சி. மருந்தே இல்லாமல் வேதனையைத் தாங்கித்தான் நிறுத்த வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து உடம்பு தேறி வெளியே வருவார்கள். வந்து சில மாதத்தில் பழைய கூட்டாளி வந்து நிற்பான். பலர் மறுபடியும் விழுந்தார்கள்.

பிறகு நாடும் கற்றுக்கொண்டது. 2005-இல் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. இது ஹெராயின் வகைக்கு மட்டும் உரியது, சியாபுக்கு உதவாது. தினமும் குறித்த அளவு மருந்தை மருத்துவமனையிலோ அரசாங்க கிளினிக்கிலோ பணியாளர் கண் முன்னால் குடிக்க வேண்டும். குடித்தால் உடம்பு முறுக்காது, போதைக்கு அலைய வேண்டியதில்லை, வேலைக்குப் போகலாம். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று சிலர் கேட்பார்கள். இனிப்புநீருக்கு ஊசி போடுகிறவரை அப்படி நாம் கேட்பதில்லை. ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவுவதையும் இது குறைத்தது. 2010-இலிருந்து, பிடித்துக்கொண்டு போய்ப் பூட்டி வைக்காமல், தாமே வருகிறவர்களை ஏற்றுக்கொள்ளும் திறந்த மையங்களையும் ஏ.ஏ.டி.கே. நடத்தத் தொடங்கியது.

இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பரிசோதனை இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. கண்காணிப்பு இங்கேயும் உண்டு. இங்கே ஆண்டுக்கணக்கு அங்கேயைவிடக் கூடவே இருந்தது. ஆனால் 1983 சட்டம் வகுத்த வழியில் மாஜிஸ்திரேட் ஒருமுறை உத்தரவு போட்டுவிட்டால் அவர் வேலை அதோடு முடிந்தது. அங்கே அதே நீதிபதி அவனை வாரா வாரம் பார்க்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், "உங்கம்மா உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். மீண்டு வந்தவர்களைக் கேட்டால் மருந்தைச் சொல்வார்கள், ஆலோசனையைச் சொல்வார்கள். கூடவே, "என்னை ஒருத்தர் விடாமல் கவனிச்சாரு" என்றும் சொல்வார்கள்.

அந்த நீதிபதி இடத்தில் யார்?

நான் இன்று இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். அந்த இரண்டு மூன்று ஆண்டுக் கண்காணிப்பு காலத்தில் ஒருவன் அதிகாரியைப் பார்ப்பது எப்போதோ ஒரு நாள். மற்ற நாளெல்லாம் எங்கே இருக்கிறான்? நம் லயத்தில் இருக்கிறான், நம் கோயில் வாசலில் இருக்கிறான், நம் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறான். வாரா வாரம் அவனைக் கவனிக்க வேண்டியவர்கள் நாம்தான். நாம் என்ன செய்கிறோம்?

"வந்துட்டாண்டா பித்தன், சைக்கிளை உள்ளே எடுத்து வை" என்கிறோம். கல்யாண வீட்டில் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வேலை கேட்டால், "பார்க்கலாம் தம்பி" என்று அனுப்பிவிடுகிறோம். அவனைப் பார்த்துச் சிரித்து, தோளில் கை போட்டு, "வாடா மச்சான்" என்று கூப்பிடுகிறவன் ஒரே ஒருவன்தான். அவன் யார் தெரியுமா? மருந்து விற்கிறவன்!

ஆகவே சில காரியங்களை உங்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று. வீட்டில் இருப்பவர்கள் அவன் செய்ததை மூடி மறைக்க வேண்டாம். அவன் கடனை அம்மா அடைப்பதும், அவன் விற்ற சாமானை அப்பா மீட்பதும் பாசம்தான். ஆனால் அந்தப் பாசம் போதைக்குத்தான் சோறு போடுகிறது. சாப்பாடு கொடுங்கள், படுக்க இடம் கொடுங்கள், கையில் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு. பரிசோதனை நாளை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அப்பாவோ அண்ணனோ மாமாவோ ஒருவர் கூடவே போங்கள். இங்கிருந்து பந்திங்கோ கிள்ளானோ போக மோட்டார் சைக்கிள் இல்லை, பஸ் கிடைக்கவில்லை என்ற காரணத்தால் ஒருவன் தவறவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது மீறல்தான். ஒரு நாள் பஸ்ஸுக்காகச் சிறைக்குப் போக வேண்டுமா?

மூன்று. தோட்ட நிர்வாகத்தாரையும் மண்டோர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மெத்தடோன் குடிக்கப் போகிறவனுக்குக் காலையில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுங்கள். குலை வெட்டு வேலைக்கு அவன் கை இன்னும் தேறவில்லை என்றால், வேறு வேலை கொடுத்துப் பாருங்கள். கையில் வேலை இருக்கிறவன் மறுபடியும் விழுவது குறைவு.

நான்கு. மனைவிக்கும் தாய்க்கும் ஆறுதல் வேண்டும். 1980-ஆம் ஆண்டில் சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன் அவர்கள், குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்து, டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். அதே நிறுவனம் தஞ்சைப் பகுதியில் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் குடிநோய்க்குச் சிகிச்சை முகாம் நடத்திவந்திருக்கிறது. பெரிய நகரத்து மருத்துவமனைக்கு ஏழைகளால் வர முடியாது என்று சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்களும் தோள் கொடுத்தார்கள். ஒரு கிராமத்தால் முடிந்தது ஒரு தோட்டத்தால் முடியாதா? கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏ.ஏ.டி.கே. அதிகாரியையோ 1976 முதல் இயங்கிவரும் பெமாடாம் தொண்டர்களையோ அழைத்து, குடும்பங்களை உட்கார வைத்துப் பேசச் செய்யலாமே! செலவு ஒரு கேத்தல் தேநீர்தான்.

ஐந்து. வெளியே வந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒரு சின்னப் பொறுப்புக் கொடுங்கள். பணப்பெட்டியை உடனே கொடுக்கச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பந்தலைக் கவனிக்கச் சொல்லுங்கள். நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்க வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு

பிள்ளைகளே, இவ்வளவு நேரம் பெரியவர்களோடு பேசிவிட்டேன். உங்களுக்கு மூன்றே மூன்று வார்த்தை.

யார் கொடுத்தாலும் அடுத்தவர் பொட்டலத்தைச் சுமக்காதீர்கள். "தம்பி, இதைக் கடைக்கார அண்ணன்கிட்ட கொடுத்துடு, அஞ்சு வெள்ளி தர்றேன்" என்றால், அந்த அஞ்சு வெள்ளி ஏன் என்று யோசியுங்கள். 15 கிராம் கணக்கை இப்போதுதான் சொன்னேன்.

"ஒரே ஒரு தடவை" என்று கூப்பிடுகிறவன் கூட்டாளி இல்லை. கோந்து முகர்வதும், கெத்தும் தண்ணீர் குடிப்பதும், மாத்திரை போடுவதும் அதே பாதையின் முதல் வளைவுதான். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார் என்று படித்திருக்கிறீர்கள். பரீட்சைக்கு மட்டும் படித்தால் போதாது.

மூன்றாவது, உங்கள் வகுப்பில் ஒருவனுடைய அப்பாவோ அண்ணனோ உள்ளே இருந்தால், அவனைக் கேலி செய்யாதீர்கள். அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவன் பள்ளிக்கு வருகிறானே, அதுவே பெரிய காரியம். உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். வீட்டில் ஏதாவது கஷ்டம் என்றால் ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் அந்தப் பிள்ளைமேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று பரிசு வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். அடுத்த ஆண்டு வாங்கப் போகிற பிள்ளைகளுக்கும் இப்போதே வாழ்த்துகள். உங்கள் பெயரை மேடையில் கூப்பிடும்போது எல்லோரும் கை தட்டுவார்கள். தட்டிய கையோடு வீட்டுக்குப் போகும் பெரியவர்கள், போகிற வழியில், சில மாதமாக யாரோடும் பேசாமல் லயத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனிடமும், "சாப்பிட்டியா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.